காரை வாங்குகிறவருக்குக் காட்டாத கோப்பு

2018 மே மாதத்தில் ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம் அமெரிக்காவில் மட்டும் 48 லட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்தது. குரூஸ் கண்ட்ரோல் வேகத்தைக் கூட்டிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் வண்டியின் மின்சுற்றில் ஷார்ட் சர்க்யூட்டும் ஏற்பட்டால், ஓட்டுநரால் குரூஸ் கண்ட்ரோலை அணைக்க முடியாமல் போகலாம் என்பது குறை. இரண்டும் ஒருசேர நிகழ்வது அரிது. அரிது என்பதால்தான் அது இத்தனை லட்சம் வண்டிகளில் ஏறி ஊருக்குள் வந்துவிட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 2016 செப்டம்பரில், ஜெனரல் மோட்டார்ஸ் உலகெங்கும் 42 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை அழைத்தது. ஏர்பேக்கை இயக்கும் சிறு கணினி சில அபூர்வமான ஓட்டச் சூழ்நிலைகளில் தன்னைத்தானே பரிசோதிக்கும் நிலைக்குப் போய்விடும். அந்த நேரம் பார்த்து மோதினால் ஏர்பேக் விரியாது. 2014 பிப்ரவரியில் டொயோட்டா 19 லட்சம் பிரியஸ் கார்களை அழைத்தது ஹைபிரிட் அமைப்பை ஆளும் மென்பொருளுக்காக. மூன்றிலும் பரிகாரம் ஒன்றுதான்: பழைய மென்பொருளை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றுவது. ஷோரூமில் நின்று கதவைத் திறந்து மூடிப் பார்த்தவருக்கும், டெஸ்ட் டிரைவ் போனவருக்கும், தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போனவருக்கும் இந்தக் குறைகளில் எதுவும் கண்ணில் பட்டிருக்க வழியில்லை.

பிரேக், ஸ்டியரிங், ஏர்பேக், மின்கார் பேட்டரி ஆகியவற்றை ஆளும் மென்பொருளுக்கென்று உலகில் பெரியதொரு சந்தை இருக்கிறது. அதில் தேர்ந்த பொறியாளர்கள் இருக்கிறார்கள். தரநிலைகளும் சான்றிதழ்களும் ஏராளம். அந்த மென்பொருளை நம்பி உயிரோடு வீடு திரும்ப வேண்டிய ஆள் மட்டும் அந்தச் சந்தையில் ஒரு தரப்பாகவே இல்லை. பாதுகாப்புக்கான ஆதாரம் அவரிடமிருந்து மறைக்கப்பட்டிருக்கும்வரை இந்தச் சந்தையால் பாதுகாப்புக்குச் சரியான விலை போட முடியாது என்பது என் வாதம். தொழில்துறையின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. நல்லெண்ணத்துக்கு விலைப்பட்டியலில் இடமில்லை என்றுதான் சொல்கிறேன்.

முதலில் விற்பனை நடக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். கார் கம்பெனி தன் வண்டிக்கான பிரேக் கணினியை பாஷ், இசட்எஃப் போன்ற முதலடுக்கு சப்ளையர்களிடம் வாங்குகிறது. பல காலமாக அது ஒரு மூடிய பெட்டியாகவே வந்தது. உள்ளே சிப், சர்க்யூட், மென்பொருள் எல்லாம் சேர்த்து ஒரு பெட்டிக்கு இவ்வளவு என்று விலை. மென்பொருளுக்குத் தனி விலை கிடையாது. கொள்முதல் பிரிவு ஆண்டுதோறும் பெட்டி விலையைக் குறைக்கச் சொல்லும். அலுமினியத்தின் விலையைச் சப்ளையர் குறைக்க முடியாது, சிப்பின் விலையையும் முடியாது. குறைக்கக்கூடியது மனித உழைப்பு. மென்பொருளை எழுதுவதிலும், அதைவிட அதிகமாக அதைச் சோதித்து ஆவணப்படுத்துவதிலும் போகும் மணிக்கணக்குதான் அது. அந்த மணிக்கணக்கில் ஒரு பெரும் பங்கு இந்தியாவில்தான் செலவாகிறது. பெங்களூருவிலும் கோயம்புத்தூரிலும் பாஷின் மென்பொருள் நிறுவனம், சென்னை புறநகரில் ரெனோ நிசானின் தொழில்நுட்ப மையம், 2024இல் டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து பிஎம்டபிள்யூ தொடங்கி புனே, பெங்களூரு, சென்னை ஆகிய ஊர்களில் நடத்தும் கூட்டு நிறுவனம் என்று பட்டியல் நீளும். ஜெர்மானியச் சாலையில் ஓடும் காரின் சோதனை அறிக்கையில் தமிழ்ப் பெயர் ஒன்று கையொப்பமிட்டிருப்பது இன்று அதிசயமில்லை.

அந்த அறிக்கைகள்தான் உண்மையில் விற்பனைப் பொருள். இரும்புப் பாகத்துக்கு இத்தனை கோடி மணி நேரத்தில் இத்தனை தடவை பழுதாகும் என்று எண் சொல்லலாம். தரநிலைகளும் அப்படியே கேட்கின்றன. மென்பொருள் தேய்வதில்லை, துருப்பிடிப்பதில்லை. அதில் தவறு இருந்தால் முதல் நாளிலிருந்தே இருக்கிறது, அதைக் கிளறும் சூழ்நிலை வரும்வரை உறங்குகிறது. ஆகவே மென்பொருளுக்குப் பழுது விகிதம் கேட்க முடியாது. கேட்கக்கூடியது அதை உருவாக்கிய முறை மட்டுமே: எந்த ஆபத்துகளை யோசித்தீர்கள், ஒவ்வொன்றையும் எந்த வரியில் தடுத்தீர்கள், எப்படிச் சோதித்தீர்கள், சோதித்தவர் எழுதியவரிடமிருந்து எவ்வளவு விலகி நின்றார்? 2011இல் வெளிவந்து 2018இல் திருத்தப்பட்ட ஐஎஸ்ஓ 26262 என்ற தரநிலை கேட்பது இதைத்தான். அந்தக் கேள்விகளுக்கு விடையாகத் தயாராகும் கோப்பைத் தொழிலில் சேஃப்டி கேஸ் என்பார்கள். இந்த வண்டி போதுமான அளவு பாதுகாப்பானது என்று ஆதாரங்களோடு வாதிடும் கோப்பு அது. கம்பைலர் முதல் சோதனைக் கருவி வரை இத்துறையில் விற்கிற ஒவ்வொன்றும் கடைசியில் அந்தக் கோப்பில் ஒரு பக்கமாகச் சேர்வதற்கே விலை போகிறது. சாதாரண மென்பொருளை விட இதற்குப் பல மடங்கு விலை ஏன் என்று கேட்பவர்களுக்குப் பதிலும் அதுவே. நிரல் எழுதும் செலவு சிறிது, அது சரியென்று காட்டும் செலவு பெரிது.

இந்தக் கோப்பின் முதல் சில பக்கங்களிலேயே பாதி விதி முடிவாகிவிடுகிறது. ஒரு செயல்பாடு தவறினால் என்ன ஆகும் என்பதை மூன்று கேள்விகளால் அளக்கிறார்கள். காயம் எவ்வளவு கடுமையானது? அந்தச் சூழ்நிலை ஓட்டத்தில் எவ்வளவு அடிக்கடி வரும்? ஓட்டுநரால் சமாளிக்க முடியுமா? மூன்று விடைகளையும் சேர்த்தால் ஏசில் ஏ முதல் ஏசில் டி வரை ஒரு படிநிலை கிடைக்கும். டி என்றால் மிகக் கடுமையான வேலை, மிக அதிகச் செலவு. மூன்று விடைகளில் ஒன்று ஒரு படி இறங்கினால் மொத்தமும் ஒரு படி இறங்கும், செலவும் இறங்கும். மொத்த ஓட்ட நேரத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் வரும் சூழ்நிலையா, ஒன்று முதல் பத்துக்குள்ளா என்பதில் ஒரு படி தங்கியிருக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூறு ஓட்டுநர்கள் சமாளிப்பார்களா என்பதில் இன்னொரு படி. விடை எழுதுகிறவர் கார் கம்பெனியின் பொறியாளர். அவர் கையில் ஜெர்மன் வாகனத் தொழில் சங்கம் தொகுத்த சூழ்நிலைப் பட்டியல் ஒன்று இருக்கும். அந்நாட்டுச் சாலைகளுக்குத் தகுந்த பட்டியல் அது. எதிர்த்திசையில் வரும் பைக்கும், சாலையில் படுத்திருக்கும் மாடும் அங்கே அபூர்வம். திண்டிவனம் தாண்டினால் அபூர்வமில்லை. நம் ஊருக்கு வரும் வண்டிக்கு அந்த மூன்று விடைகளும் புதிதாக எழுதப்பட்டனவா, அப்படியே பெயர்த்து ஒட்டப்பட்டனவா என்று கேட்க வாங்குகிறவருக்கு வழியே இல்லை.

மேற்பார்வை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அதன் அளவையும் பார்க்க வேண்டும். மிக உயர்ந்த படிநிலைக்குத் தரநிலை கேட்கும் உச்சபட்சச் சுதந்திரம், மதிப்பிடுகிறவர் வேறு துறையையோ வேறு நிறுவனத்தையோ சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்பது. அதாவது அதே கம்பெனியின் அடுத்த மாடியில் இருக்கும் துறை போதும். வெளியாளாக ஜெர்மனியின் டியூவி போன்ற அமைப்புகளை அழைப்பதும் உண்டு. அவர்களின் திறமையில் குறை சொல்ல முடியாது, ஆனால் அவர்களுக்குக் கட்டணம் கொடுப்பது சான்றிதழ் கேட்பவரே. தவிர, ஓர் உதிரிப்பாகத்துக்குத் தரப்படும் சான்றிதழ், இன்னின்ன நிபந்தனைகளில் பயன்படுத்தினால் என்ற அனுமானங்களோடு வருகிறது. இயங்குதளம் விற்கும் கம்பெனி, அது ஓடப்போகும் காரைப் பார்த்தே இருக்காது. அனுமானங்கள் காரில் நிறைவேறினவா என்று பார்க்க வேண்டியது வாங்கிய கம்பெனி. விளம்பரத்தில் ஏசில் டி என்ற எழுத்து மட்டும் பெரிதாக இருக்கும். நிபந்தனைகள் முந்நூறு பக்கக் கையேட்டுக்குள் கிடக்கும்.

ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் எழுதிய புகழ்பெற்ற பொருளாதாரக் கட்டுரை பழைய கார் சந்தையைப் பற்றியது. நல்ல வண்டி எது, ஓட்டை வண்டி எது என்று விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் சராசரி விலைதான் கொடுப்பார்; அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரர் விற்க மாட்டார், ஓட்டை வண்டிக்காரர் விற்பார். சந்தையில் நல்ல சரக்கு மெல்லக் காணாமல் போகும். புதிய காரின் மென்பொருளுக்கு இது இன்னும் கச்சிதமாகப் பொருந்துகிறது. பழைய காரையாவது ஓட்டிப் பார்த்துப் புகையை முகரலாம். ஒரு நிறுவனம் ஆறு மாதம் கூடுதலாகச் சோதித்து ஒரு குறையைக் கண்டுபிடித்தால் அந்த உழைப்பு விலையில் தெரியாது, விளம்பரத்தில் தெரியாது, வண்டியின் ஓட்டத்திலும் தெரியாது. போட்டியாளர் அதைச் செய்யாமல் ஆறு மாதம் முன்பாகவே சந்தைக்கு வந்துவிட்டால் அது உடனே தெரியும். பெரிய தொடுதிரையும் சன்ரூஃபும் ஏன் எல்லா வண்டியிலும் வந்துவிட்டன என்று வியக்கிறோம். அவை கண்ணுக்குத் தெரிகின்றன.

இந்தக் கோப்பு ஒரு தடவை ஊரறியத் திறக்கப்பட்டது. டொயோட்டா கார்கள் தாமாக வேகமெடுத்தன என்ற புகார்களை அமெரிக்க அரசு ஆராய நாசாவை அழைத்தது. 2011 பிப்ரவரியில் வந்த அறிக்கை மின்னணுக் காரணம் எதையும் காணவில்லை என்றது. அப்படி எதுவும் இருக்கவே முடியாது என்று நிரூபிக்கவில்லை என்றும் சேர்த்துச் சொன்னது. 2005ஆம் ஆண்டு மாடல் கேம்ரி ஒன்று 2007இல் ஓக்லஹோமாவில் விபத்துக்குள்ளாகி ஒருவர் இறந்த வழக்கில், இழப்பீடு கேட்டவர்களின் நிபுணர்கள் மூலநிரலைப் படிக்க நீதிமன்றம் வழியாக அனுமதி கிடைத்தது. இணைய இணைப்பில்லாத, காவல் போட்ட ஓர் அறைக்குள் உட்கார்ந்து மைக்கேல் பார் தலைமையிலான குழு மாதக்கணக்கில் படித்தது. அவர் 2013 அக்டோபரில் சாட்சியம் சொன்னார். மோட்டார் தொழிலே வகுத்துக்கொண்ட மிஸ்ரா கோடிங் விதிகள் 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் மீறப்பட்டிருந்தன. நிரலின் எந்த மூலையிலிருந்தும் மாற்றக்கூடிய பொது மாறிகள் 10 ஆயிரத்தைத் தாண்டின. த்ராட்டில் கோணத்தைக் கணக்கிடும் பகுதி, சோதிக்கவே முடியாத அளவுக்குச் சிக்கலாகப் பின்னியிருந்தது. ஜூரி டொயோட்டாவுக்கு எதிராக 30 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது; தண்டனைத் தொகை பற்றிய தீர்ப்புக்கு முன் நிறுவனம் சமரசமாகிவிட்டது. அந்த விபத்து மென்பொருளால்தான் நடந்தது என்பதை டொயோட்டா கடைசிவரை ஏற்கவில்லை. அதை இங்கே தீர்க்க வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது, அந்த நிரலின் தரம் பற்றி வெளியுலகுக்கு ஒரு வரி தெரிய ஒரு மரணமும், ஆறு ஆண்டுகளும், உலகத்தர நிபுணர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் வசதியுள்ள வழக்கறிஞர் குழுவும் தேவைப்பட்டன என்பது.

இதற்கிடையில் பணம் எங்கே போகிறது என்பதும் ஒரு சாட்சியம். கனடாவில் 1980களின் தொடக்கத்தில் பிறந்த க்யூஎன்எக்ஸ் இயங்குதளம் இன்று பிளாக்பெர்ரியின் கையில் இருக்கிறது, 25.5 கோடிக்கும் அதிகமான வாகனங்களில் அது ஓடுவதாக 2024இல் நிறுவனம் சொன்னது. கைபேசியில் தோற்ற கம்பெனி காரின் அடிவயிற்றில் பிழைத்துக்கொண்டது. உதிரிப்பாக நிறுவனமான ஆப்டிவ் 2022இல் மென்பொருள் நிறுவனமான விண்ட் ரிவரை 350 கோடி டாலருக்கு வாங்கியது. எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துகொள்வோம் என்று கிளம்பிய ஃபோக்ஸ்வாகன், காரியாட் என்ற துணை நிறுவனத்தில் 2023ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 240 கோடி யூரோ இழந்தது. அதே குழுமத்தின் போர்ஷேயின் மின்சார மக்கான் தாமதமானது. கடைசியில் ஃபோக்ஸ்வாகன் ரிவியன் என்ற இளம் அமெரிக்க நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்தது. இந்தச் சரக்கைச் செய்வது எவ்வளவு கடினம் என்று இந்தத் தொகைகள் சொல்கின்றன. கடினமான, விலை உயர்ந்த, கண்ணுக்குத் தெரியாத ஒன்றில்தான் குறுக்கு வழிக்கான சபலம் மிக அதிகம்.

வெளிச்சம் பட்டால் சந்தை மாறும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து சிறிய கார்களை மோதவிட்டுப் பார்த்தது. ஆல்டோ 800, நானோ, ஃபிகோ, ஐ10, போலோ ஐந்தும் பூஜ்ய நட்சத்திரம். இந்திய வாடிக்கையாளர் மைலேஜைத்தான் பார்ப்பார், பாதுகாப்புக்குக் காசு கொடுக்க மாட்டார் என்பது அன்றைய வேதவாக்கு. 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் வாங்கியதும் அது விளம்பரத்தின் முதல் வரியானது. 2023 அக்டோபரில் அரசே பாரத் என்கேப் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதே வாடிக்கையாளர்தான், அதே சம்பளம்தான். முன்பு அவர் கேட்காததற்குக் காரணம் அவருக்குக் கேள்வியே தெரியாமல் இருந்தது. ஆனால் அந்த நட்சத்திரம் மோதிய பின் உடல் என்ன ஆகும் என்பதைத்தான் பெரும்பாலும் அளக்கிறது. மோதலைத் தவிர்க்க வேண்டிய பிரேக் மென்பொருள் எப்படி எழுதப்பட்டது என்பதைச் சுவரில் மோதவிட்டுக் கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே நான் கேட்பது இது. ஒரு மாடல் விற்பனைக்கு வரும்போது அதன் சேஃப்டி கேஸின் சுருக்கத்தை நிறுவனம் பொதுவில் வெளியிட வேண்டும். நிரல் வேண்டாம், வடிவமைப்பு ரகசியமும் வேண்டாம். எந்தெந்த ஆபத்துகள் கணக்கில் எடுக்கப்பட்டன, ஒவ்வொன்றுக்கும் அந்த மூன்று கேள்விகளுக்கு என்ன விடை எழுதப்பட்டது, எந்தச் சாலைகளை வைத்து, எந்தப் படிநிலை, மதிப்பிட்டது யார், அவருக்கும் நிறுவனத்துக்கும் என்ன உறவு, விற்பனைக்கு அனுப்பும்போது தீர்க்காமல் ஏற்றுக்கொள்ளப்பட்ட குறைகள் எத்தனை என்பவை போதும். இணையவழி மென்பொருள் புதுப்பிப்பு வந்தால் எது ஏன் மாறியது என்று ஒரு பத்தி. ஐரோப்பா கடைப்பிடிக்கும் ஐநா பிரேக் விதிகளின் இணைப்பு ஒன்று சிக்கலான மின்னணு அமைப்புகளின் ஆவணங்களைச் சோதனை அமைப்பிடம் காட்டச் சொல்லி ஏற்கெனவே கேட்கிறது. தாள்கள் இருக்கின்றன, அவை நடக்கும் தூரம்தான் போதவில்லை.

இதற்கு வரும் முதல் மறுப்பு, சட்டமும் திரும்ப அழைத்தலும் போதுமே என்பது. இந்தியாவில் 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்க அரசுக்கு அதிகாரம் தந்தது. 2021 ஏப்ரல் முதல் அமலான விதிகளில் அபராதம் அதிகபட்சம் ஒரு கோடி ரூபாய். ஒரு நடுத்தர எஸ்யூவி மாடலின் ஒரு நாள் விற்பனையைக்கூடத் தொடாத தொகை. அதைவிட முக்கியம், திரும்ப அழைத்தல் புகார்களின் எண்ணிக்கையில் தொடங்குகிறது. மென்பொருள் குறை விபத்தில் தடயம் விட்டுச் செல்வதில்லை. டயர் வெடித்தால் ரப்பர் கிடக்கும். ஒரு கணம் பிழையாகக் கணக்கிட்டுவிட்டு மறுபடி சரியாக ஓடும் கணினியில் எதுவும் கிடக்காது. காவல்துறையின் முதல் தகவல் அறிக்கையில் ஓட்டுநரின் கவனக்குறைவு என்று எழுதி முடித்துவிடுவார்கள். மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் வழக்குப் போடுகிறவருக்கு மூலநிரலைப் படிக்க ஆள் வைக்க முடியுமா?

இரண்டாவது மறுப்பு கனமானது. விமானத் துறையில் அரசே உட்கார்ந்து ஒப்புதல் தருகிறது, அப்படியிருந்தும் போயிங் 737 மேக்ஸ் 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் விழுந்து 346 பேர் இறந்தார்களே, பிறகு ஆவணங்களால் என்ன பயன் என்கிறார்கள். அந்த வழக்கைக் கூர்ந்து பார்த்தால் அது என் பக்கம்தான் பேசுகிறது. எம்காஸ் என்ற அந்த மென்பொருளின் ஆபத்தை எந்த வகையில் சேர்ப்பது என்று நிறுவனமே பெரிதும் முடிவு செய்தது. ஒரே ஒரு சென்சாரை நம்பி விமானத்தின் மூக்கைக் கீழே தள்ளும் ஏற்பாடு அதில் இருந்தது. விமானிகளுக்கான கையேட்டில் அதைப் பற்றிய விளக்கமே இல்லை. முதல் விமானம் விழுவதற்கு முன் அந்த அபாயப் பட்டியலும் அதற்குச் சொல்லப்பட்ட காரணமும் விமானிகள் சங்கத்தின் மேசையில் இருந்திருந்தால் யாராவது ஒருவர் கேட்டிருப்பார். அதிகாரி பார்ப்பதும் பொதுவெளி பார்ப்பதும் ஒன்றல்ல. அதிகாரிக்கு நேரமில்லை, நேரமிருந்தால் ஆளில்லை. சாதாரண வாங்குபவர் இந்தச் சுருக்கத்தைப் படிக்க மாட்டார் என்பது உண்மை. காப்பீட்டு நிறுவனம் படிக்கும். போட்டிக் கம்பெனியின் பொறியாளர் படிப்பார், அதுவும் ஆசையாகப் படிப்பார். ஐஐடியில் ஆராய்ச்சி மாணவர் படிப்பார். கார் இதழில் எழுதுகிறவர் இரண்டு மாடல்களின் எமர்ஜென்சி பிரேக்கிங் ஏன் வெவ்வேறு படிநிலையில் இருக்கிறது என்று ஒரு கட்டுரை எழுதினால் போதும், அடுத்த மாதமே விற்பனைப் பிரிவு பொறியியல் பிரிவின் கதவைத் தட்டும்.

மூன்றாவது, நம் நாட்டில் 2022இல் மட்டும் சாலை விபத்தில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதிவேகமும் ஹெல்மெட் இல்லாததும் குழியும் காரணமாக இருக்கையில் மென்பொருளைப் பற்றிக் கவலைப்படுவது ஆடம்பரம் என்ற வாதம். பாதி நியாயம் இருக்கிறது. சாலையைச் சரிசெய்ய வேண்டிய பணத்தை இதில் போடச் சொன்னால் நானும் எதிர்ப்பேன். ஆனால் மனிதப் பிழையைக் குறைக்க அரசு நம்பியிருப்பதே மென்பொருளைத்தான். ஏபிஎஸ் 2019 ஏப்ரல் முதல் கார்களில் கட்டாயம். தானியங்கி பிரேக்கிங்கும் தடம் மாறல் எச்சரிக்கையும் நடுத்தர விலை கார்களுக்கே இறங்கிவிட்டன. மருந்தை ஊர் முழுக்கக் கொடுக்கப்போகிறோம் என்றால் அதன் பரிசோதனை முடிவை முன்பைவிட அதிகமாகத்தான் கேட்க வேண்டும்.

செலவு பற்றிய மறுப்பை நான் முழுதாகத் தள்ளிவிட மாட்டேன். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் மின் ஸ்கூட்டர் செய்கிறார்கள். நாடெங்கும் சிறு நிறுவனங்கள் நுழைந்திருக்கின்றன. 2022இல் மின் ஸ்கூட்டர்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்த பின் அரசு ஏஐஎஸ் 156 விதியைத் திருத்தி பேட்டரிக்கும் அதை ஆளும் பிஎம்எஸ்ஸுக்கும் நிபந்தனைகளைக் கூட்டியது. அதற்கே சிறியவர்கள் தடுமாறினார்கள். ஐஎஸ்ஓ 26262இன் 2018 பதிப்பில் இருசக்கர வாகனங்களுக்கென்று தனிப் பகுதி வந்துவிட்டாலும் அதை முழுமையாகச் செய்ய ஆளும் கருவியும் வேண்டும். அவர்களுக்குக் கால அவகாசம் தரலாம். செலவு குறைவதற்கான அறிகுறிகளும் தெரிகின்றன. 2023இல் பெர்லினைச் சேர்ந்த ஒரு சிறு நிறுவனம் ரஸ்ட் நிரல்மொழிக்கான ஃபெரோசீன் கம்பைலருக்கு ஏசில் டி வரை தகுதிச் சான்று வாங்கியது. அதன் மூலநிரலைத் திறந்தும் வைத்தது. 2025 ஜூனில் பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ், ஃபோக்ஸ்வாகன் உள்ளிட்ட 11 நிறுவனங்கள் வாடிக்கையாளர் கண்ணில் படாத அடித்தள மென்பொருளைத் திறந்த மூலமாகச் சேர்ந்து எழுத உடன்பாடு கண்டன. புனேயின் கேபிஐடியும் இசட்எஃப்பும் தொடங்கிய கோரிக்ஸ் அதில் ஒரு பங்காளி. ஆண்டுக்கணக்காக ரகசியம் ரகசியம் என்று பூட்டியவர்களே, அடித்தளத்தில் ரகசியம் வைத்து லாபமில்லை என்று கணக்குப் போட்டுவிட்டார்கள். நிரலையே பகிரத் துணிந்தவர்களுக்கு அபாயப் பட்டியலைப் பகிர்வதில் என்ன தொழில் ரகசியம் போய்விடும் என்று தெரியவில்லை.

ஐரோப்பா இதில் ஒரு படி முன்னே போயிருக்கிறது. 2024 அக்டோபரில் நிறைவேறிய புதிய உற்பத்திப் பொருள் பொறுப்புச் சட்டம் மென்பொருளையும் பொருள் என்கிறது. பாதிக்கப்பட்டவர் நியாயமான அடிப்படை காட்டினால் ஆவணங்களை ஒப்படைக்க நிறுவனத்துக்கு நீதிமன்றம் உத்தரவிடலாம். கொடுக்க மறுத்தால் பொருளில் குறை இருந்ததாகவே எடுத்துக்கொள்ளலாம். உறுப்பு நாடுகள் 2026 டிசம்பர் 9க்குள் இதைத் தம் சட்டமாக்க வேண்டும். நுகர்வோரின் முன்னால் கோப்பைத் திறக்க அங்கும் விபத்து நடந்தாக வேண்டியிருக்கிறது என்பது அதன் குறை. ஆனால் ஐரோப்பியச் சந்தைக்கு விற்கும் ஒவ்வொரு நிறுவனமும் இனி நீதிபதியின் கையில் கொடுக்கத்தக்க விதத்தில் அந்தக் கோப்பை எழுதும். அதன் கணிசமான பக்கங்கள் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் பெங்களூருவிலும் தயாராகும். அதே பாகம் பொருத்திய வண்டி ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரகடத்திலோ உருண்டு வெளியே வந்து இங்கே விற்கப்படும்போது, ஒரகடத்திலேயே இருக்கும் மத்திய அரசின் வாகனச் சோதனை மையத்தின் இணையதளத்தில் அந்தக் கோப்பின் இருபது பக்கச் சுருக்கத்தைப் போடச் சொல்ல ஒரு புதிய சட்டம்கூடத் தேவையில்லை. வாகன வகை ஒப்புதலுக்கு என்னென்ன ஆவணம் தர வேண்டும் என்பதை மத்திய மோட்டார் வாகன விதிகள் தீர்மானிக்கின்றன. அந்தப் பட்டியலில் ஒரு வரியைச் சேர்த்துச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அறிவிக்கை வெளியிட்டால் போதும்.